துடுப்பில் சிக்கியது

இயந்திரத்தைக் கவிழ்த்துப் போட்டதும் அதன் வயிற்றில் தேங்கியிருந்த தண்ணீர் முழுக்கப் பூவநாதனின் செருப்புக்குள் இறங்கியது. சனியன், என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். சத்தமாகச் சொன்னால் யாருக்காவது கேட்கும். கிழக்கே இப்போதுதான் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது, மூன்று கட்டடங்களும் தூங்கிக்கொண்டிருக்கின்றன, ஆனாலும் ஏதோ ஒரு பால்கனியில் ஏதோ ஒருவர் பல் துலக்கிக்கொண்டு நிற்காமலா இருப்பார். ரகோத்தமன் நிற்பார். பி பிளாக், மூன்றாவது மாடி, நீச்சல் குளத்தைப் பார்த்த வீடு. ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர், குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நாள் தவறாமல் முதல் வணக்கம் போடுகிறவர். நேற்றும் போட்டிருந்தார். காலை வணக்கம், குளத்தில் இன்று இலைகள் சற்று அதிகம், இயந்திரம் நலம்தானே. அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. மேலே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருக்கலாம். கீழே வரிசையாகச் சிரிக்கிற மஞ்சள் முகங்கள். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் பூவநாதன் ஒரு கும்பிடு போட்டார். போட்ட பிறகு அந்தக் கும்பிடைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மின்சார வாரியத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டி, புயலடித்த ராத்திரிகளில் துணைமின் நிலையத்தில் நின்று ஒரு தாலுகாவுக்கே வெளிச்சம் கொடுத்த மனுஷன், இலை பொறுக்குகிற பெட்டிக்காகக் கும்பிடு போட்டிருக்கிறார்.

பெட்டி என்றுதான் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் பார்த்தபோது கப்பல் மாதிரி இருந்தது. வெள்ளை உடம்பு, முதுகில் கறுப்பு சோலார் தகடு, முன்னால் ரப்பர் இதழ்கள் வைத்த உருளை, பின்னால் இரண்டு துடுப்புச் சக்கரம். தானாக மிதந்து போகும், தானாகச் சுவரைக் கண்டு திரும்பும், மேலே கிடக்கிற இலையையும் தூசியையும் உருளை வாரி உள்ளே இருக்கும் கூடையில் தள்ளும். வெயில் இருக்கிற வரை ஓடும். மனுஷக் கை படாமல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், என்று பொதுக்குழுவில் சொன்னது பூவநாதன்தான், வேறு யார். திரையில் படம் போட்டுக் காட்டிச் சொன்னார். அதற்கு முன்னால் தேசிங்கு என்கிற ஆள் நீளக் கம்பில் வலை கட்டிக்கொண்டு வந்து வாரிவிட்டுப் போவான். ஒரு நாள் வருவான், ஒரு நாள் வரமாட்டான், கேட்டால் மச்சானுக்கு உடம்பு சரியில்லை என்பான். எத்தனை மச்சான்தான் இருப்பார்கள் ஒருத்தனுக்கு. இப்போது அவன் பக்கத்துக் குடியிருப்பில் வேலை பார்க்கிறான், சுவருக்கு அந்தப் பக்கம் அவனுடைய கம்பின் நுனி மட்டும் தெரியும், பூவநாதனைக் கண்டால் வணக்கம் சார் என்று கம்பை ஆட்டுவான். சந்தோஷமாகத்தான் ஆட்டுகிறான், அதுதான் தாங்கவில்லை. மனுஷக் கை படாமல். கையைப் பார்த்தார். ஈசல் சிறகு. நேற்றுச் சாயங்கால மழைக்கு எங்கிருந்தோ கிளம்பி வந்து விளக்கைச் சுற்றி விழுந்து செத்த ஈசல்களின் சிறகுகள் மொத்தமும் கூடையில் அப்பிக்கிடந்தன. வலைக்கண்ணில் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, குழாயை வேகமாகத் திறந்துவிட்டாலும் போகாமல், விரலால் தேய்த்தால் விரலில் ஒட்டி, உதறினால் வேட்டியில் ஒட்டி, முகத்தைத் துடைத்தால் மீசையில் ஒட்டியது. மனைவி செண்பகத்தின் பழைய பல்தேய்க்கும் பிரஷை இதற்கென்றே எடுத்து வைத்திருக்கிறார். அதால் கீழிருந்து மேலாகத் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும், மேலிருந்து கீழாகத் தேய்த்தால் இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். இதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை. கையேட்டில் வாரம் ஒருமுறை கூடையை அலசவும் என்று ஒரே வரி, பக்கத்தில் சிரித்துக்கொண்டு அலசுகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். அவள் ஊரில் ஈசல் இல்லை, மரமல்லி இல்லை, பாதாம் மரம் தட்டு தட்டாக இலை உதிர்ப்பதில்லை.

கூடை போனால் போகட்டும், கூடை தினமும் உள்ள தலைவலிதான். முந்தாநாளிலிருந்து இது நொண்டுகிறது. கொஞ்ச தூரம் போகும், கறகறவென்று ஒரு சத்தம், நின்றுவிடும், முதுகில் சிவப்பு விளக்கு மினுக்கும், பிறகு என்ன நினைத்துக்கொள்ளுமோ மறுபடி கிளம்பும். வாங்கின இடத்துக்கு ஃபோன் போட்டால் ஒரு பெண் குரல், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று சொல்லிவிட்டுப் பாட்டு போடுகிறது. முக்கியமானது என்றால் எடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே. ஞாயிற்றுக்கிழமை கூட்டம். பழையபடி ஆளையே வைத்துக்கொள்ளலாமா என்று ரகோத்தமன் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறார், மரியாதையாக, யார் மனமும் புண்படாமல். அதற்குள் இது ஓட வேண்டும். ஓடினால் போதும், அழகாக ஓட வேண்டாம், கூட்டம் முடிகிற வரைக்கும் ஓடினால் போதும். இடது பக்கச் சக்கரத்தின் மூடியில் நாலு திருகு. முதல் மூன்றும் வந்துவிட்டன. நாலாவதில் திருப்புளி நிற்கவில்லை. நழுவியது. மறுபடி வைத்தார், நழுவியது. திருப்புளி நழுவவில்லை, கை நழுவுகிறது, அதை ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், இங்கே யார் பார்க்கிறார்கள். வலது கைக் கட்டைவிரலுக்குள் ஏதோ ஒரு பூச்சி உட்கார்ந்துகொண்டு அசைகிற மாதிரி ஒரு நடுக்கம். கொஞ்ச நாளாகத்தான். டாக்டரிடம் போகவில்லை. போனால் பெயர் வைத்துவிடுவார்கள், பெயர் வைத்துவிட்டால் அது வீட்டில் ஒரு ஆளாகிவிடும், அதற்கு ஒரு தட்டு, ஒரு நாற்காலி. செண்பகத்திடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார், குளிர்கிறது என்று சொல்லிக்கொள்கிறார், சென்னையில் சித்திரை மாதத்தில் யாருக்குக் குளிர்கிறது. வேலையில் இருந்த காலத்தில் பதினோராயிரம் வோல்ட் கம்பிக்குக் கீழே நின்று இந்தக் கைதான் அசையாமல் இருந்தது. திருகு வந்தது. வந்த வேகத்தில் துள்ளி டைல்ஸில் உருண்டு நீர்வடியும் கம்பிச் சட்டத்துக்குள் போகப் பார்த்தது, இடது காலால் மிதித்து நிறுத்தினார். ஈரச் செருப்பு வழுக்கியது, ஒரு நொடி உடம்பு குளத்துப் பக்கம் சாய்ந்தது, தண்ணீரின் நீலம் முகத்துக்கு நேரே வந்துவிட்டுப் போனது. நீச்சல் தெரியாது. நீச்சல் குளத்தைக் கட்டி மேய்க்கிறவனுக்கு நீச்சல் தெரியாது என்பது வாட்ஸ்அப் குழுவுக்குத் தெரிந்தால் எத்தனை மஞ்சள் முகம் வரும்.

மூடிக்கு உள்ளே முடி. அதுதான் பார்த்தேன், என்றார் தனக்குத்தானே. எப்போதும் முடிதான். பெண்கள் நேரம் என்று மதியம் மூன்று மணிக்கு ஒதுக்கிக் கொடுத்தது தப்பு. பலகையில் எழுதிக் கொடுத்ததும் அவர்தான், பெண்கள் மட்டும், தலைக்கு உறை அணிவது கட்டாயம், நீச்சலுடை இல்லாமல் இறங்கக் கூடாது, காலை ஆறு மணிக்கு முன் அனுமதி இல்லை. யார் படிக்கிறார்கள். சக்கரத்தின் அச்சில் நூல் கண்டு மாதிரி இறுக்கிச் சுற்றியிருந்தது. நகவெட்டியோடு இருந்த குட்டிக் கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டி இழுத்தார். எத்தனை விதமான முடி. கறுப்பு, சுருட்டை, பழுப்புச் சாயம் அடித்த சின்னப் பெண்களின் முடி, நடுவில் ஒரு நீளமான முடி. அதைப் பிரித்துத் துண்டின்மேல் போட்டார். வேரோரம் வெள்ளை, அதற்குக் கீழே மருதாணிச் செம்பட்டை. நுனி வரைக்கும் செம்பட்டை. இந்த மாதிரி முடியை வீட்டுக் குளியலறைச் சல்லடையில் வாராவாரம் எடுத்துப் போடுகிறார். அதற்கென்ன, மருதாணி போடுகிற பெண்கள் இந்தக் குடியிருப்பில் எத்தனையோ பேர். செண்பகம் பகலில் திருப்புகழ் வகுப்புக்கல்லவா போகிறாள். கிளப் ஹவுஸ் மாடியில், மூன்று மணிக்கு. ரகோத்தமன் சம்சாரம் வைதேகி சொல்லிக் கொடுக்கிறாளாம். இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் எழுந்திருக்க நாலரை ஆகிவிடும், எழுந்திருக்கும்போது அவள் காபி போட்டுக்கொண்டிருப்பாள், தலை ஈரமாக இருக்கும். சாயங்காலம் எதுக்குத் தலைக்கு ஊத்துற என்று ஒரு தரம் கேட்டார். வேர்க்குது, என்றாள். வேர்க்கத்தான் செய்கிறது. வேர்த்தால் தலைக்கு ஊற்றுவார்கள்தான். கத்தரி ஏதோ கெட்டியானதில் இடித்தது.

முதலில் திருகு என்று நினைத்தார். பிறகு வாஷர் என்று நினைத்தார். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற சந்தில் வளைந்து மாட்டிக்கொண்டிருந்தது, அதுதான் கறகறவென்று தேய்த்திருக்கிறது, அதுதான் நொண்டவைத்திருக்கிறது. குறட்டால் பிடித்து நெம்பினார். வரவில்லை. கை நடுங்கியது, விட்டுப் பிடித்தார், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி நெம்பினார், வந்துவிட்டது, உள்ளங்கையில் விழுந்தது. மெட்டி. வெள்ளி மெட்டி, ஒரு பக்கம் தேய்ந்து பளபளவென்று. பரவாயில்லை, யாரோ ஒரு பெண்ணின் மெட்டி, குழுவில் படம் எடுத்துப் போட்டால் வந்து வாங்கிக்கொள்வார்கள், கூடவே இயந்திரம் ஏன் நின்றது என்பதும் எல்லாருக்கும் தெரியும், இயந்திரத்தின் மேல் தப்பில்லை, மெட்டியோடு இறங்கினவள் மேல்தான் தப்பு. நல்ல படமாக எடுக்க வேண்டும். இப்படி யோசித்துக்கொண்டே வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது குறட்டின் பல் பதிந்த தடம் தெரிந்தது. மூன்று கோடு. இப்போது பதிந்ததல்ல. பழைய தடம், உள்ளே அழுக்கேறிய தடம். தைப்பொங்கலுக்கு முந்தின வாரம், கட்டிலில் உட்கார்ந்து வலது காலை இவர் முழங்கால்மேல் தூக்கி வைத்தாள். லூசாயிருக்குங்க, கொஞ்சம் நெரிச்சு விடுங்க. துணி சுற்றித்தான் நெரித்தார், துணி விலகிவிட்டது, பல் பதிந்துவிட்டது. அடடா, என்றார். பரவால்ல, யாரு பாக்கப்போறா, என்று சொல்லிக் காலை எடுத்துக்கொண்டாள். இதே குறடு.

கால் வீங்குது, கழட்டி வச்சிருக்கேன், என்று சொன்னாளே. முந்தாநாள் சொன்னாள். இவர்தான் கேட்டார், வெறும் விரலைப் பார்த்துவிட்டு. கால் வீங்குது, கழட்டி வச்சிருக்கேன். எவ்வளவு சுளுவாகச் சொன்னாள், தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. திருப்புகழில் எங்கே தண்ணீர் வருகிறது, மாடியில் எங்கே குளம் வருகிறது. வாசலுக்கு ஒரு பொட்டலம் வந்ததே இரண்டு மாதத்துக்கு முன்னால், என்னது என்று கேட்டதற்கு உள்பாவாடை என்றாளே, உள்பாவாடை எதற்கு இவ்வளவு கெட்டி உறையில் வருகிறது என்று அப்போதே தோன்றியது, தோன்றியதை அப்படியே விட்டுவிட்டு டிவியைப் பார்த்தார். துண்டு இரண்டு, கொடியில் எப்போதும் ஈரமாக. அவள்மேல் ஒரு வாசம், பினாயில் மாதிரி, பினாயில் இல்லை, குளோரின், அவருக்குத் தெரியாத குளோரினா, அவர் கையெழுத்துப் போட்டு வாங்குகிற குளோரின். எல்லாம் கண்ணுக்கு முன்னால் நடந்திருக்கிறது. ஒரு பெட்டிக்குள் எந்த மூலையில் எந்த ஈசல் சிறகு ஒட்டியிருக்கிறது என்று தெரிகிறது, ஒரே வீட்டில் நடந்தது தெரியவில்லை. ஏன் மறைக்க வேண்டும். கேட்டிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார். சொல்லியிருப்பார். இந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில் ஒரு நாள் சாயங்காலம் குளத்தோரம் உட்கார்ந்து காலை மட்டும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாள், இவர் மேலே நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, எந்திரி, இந்த வயசுல இதென்ன, பாக்கறவுக என்ன நினைப்பாக என்றார். உடனே எழுந்துவிட்டாள். திருச்செந்தூரில் பையன் சின்னவனாக இருந்தபோது, புடவையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் போனாள், இன்னொரு அலை, இன்னொரு அலை என்று, இவர் கரையில் பையையும் செருப்பையும் காவல் காத்துக்கொண்டு, போதும் வா, அலை பெருசா வருது, போதும் வா. குற்றாலத்தில் நனைந்து சிரித்துக்கொண்டு வந்தவளைப் பார்த்து, எம்புட்டு நேரம், இங்க ஒருத்தன் நிக்கறது தெரியலையா. அவளைப் பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பா, எங்க ஊர்ச் சாமிக்கும் அம்மனுக்கும் இதே பேருதான், பூவநாதர், செண்பகவல்லி, பொருத்தம் வேற பாக்கணுமா என்றார். அந்த அம்மனுக்குத் தெப்பத்துக்காவது இறங்கக் கிடைக்கும்.

கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம், கையில் கிடைத்த பிரஷால் வலையைப் போட்டு அடித்தார். பொய் சொல்லியிருக்கிறாள், அதுதான் விஷயம், நீந்தினது விஷயமில்லை. விஷயமில்லையா. எதைப் போட்டுக்கொண்டு இறங்குகிறாள், யார் யார் பார்த்தார்கள். வைதேகி பார்த்திருக்கிறாள், அப்படியானால் ரகோத்தமனுக்குத் தெரியும், வாசல் செக்யூரிட்டிக்குத் தெரியும், லிஃப்டில் ஈரத் தலையோடு போகிறவளைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். மொத்தக் குடியிருப்பிலும் தெரியாதவர் ஒருத்தர், அவர் விடியக்காலையில் வந்து அவள் முடியை இயந்திரத்திலிருந்து பிரித்துக்கொண்டிருக்கிறார். நடுவிலிருந்தே அந்தப் பக்கம் முழுக்க ஆழம். ஐந்தடி. அவள் உயரமே ஐந்தடி இருக்காது. தண்ணீர் மூக்குக்கு மேலே போகும். நினைத்ததும் குறடு கையிலிருந்து நழுவித் துண்டில் விழுந்தது. மூன்று மணிக்கு அவர் படுத்திருந்தார், மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு, வாயைத் திறந்துகொண்டு. ஏதாவது ஆகியிருந்தால் செக்யூரிட்டிப் பையன் ஓடிவந்து மணியடித்திருப்பான், இவர் லுங்கியை இறுக்கிக்கொண்டு கதவைத் திறந்து, என்னப்பா என்று கேட்டிருப்பார். சார், அம்மா, குளத்துல. அம்மாவா, அம்மா திருப்புகழ் வகுப்புக்குல்ல போயிருக்கா, நீ வேற யாரையோ பாத்துட்டு வந்து சொல்ற. நிச்சயமாக இப்படித்தான் சொல்லியிருப்பார். வாசலில் நின்று அவனோடு வாதாடியிருப்பார். அவன் சார் வாங்க சார் என்று கையைப் பிடித்து இழுத்திருப்பான், இவர் சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போயிருப்பார். உள்ளே போய் எந்தச் சட்டை என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அந்த நேரமெல்லாம் தண்ணீருக்குள். எழுந்து நின்றுவிட்டார். குளம் பேசாமல் கிடந்தது. மேலே மரமல்லிப் பூக்கள், சுத்தமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. பிறகு மறுபடி உட்கார்ந்தார், மூடியைப் போட்டாக வேண்டும், நாலு திருகும் போட்டாக வேண்டும், வேறென்ன செய்வது. மூன்று போட்டார். நாலாவது நிற்கவில்லை. கட்டைவிரலில் அந்தப் பூச்சி. அவளுக்குத் தெரியாது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறோம் என்று அப்போது ஒரு யோசனை வந்தது. கொஞ்ச நாளாகவே காபி டம்ளரில் பாதிதான் இருக்கிறது. பால் குறைவாக வருகிறது போல என்று நினைத்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும் கேட்காமலே மறுபாதி வருகிறது.

நாலாவது திருகை விட்டுவிட்டு இயந்திரத்தைத் தண்ணீரில் இறக்கினார். நேற்றைய வெயிலில் ஏறிய சார்ஜ் மிச்சம் இருந்தது. பொத்தானை அமுக்கியதும் இரண்டு சக்கரமும் சத்தமில்லாமல் சுற்றின, நேராகப் போயிற்று, எதிர்ச் சுவருக்கு முன்னால் நின்று யோசித்துத் திரும்பிற்று, முதல் மரமல்லிப் பூவை வாரி விழுங்கிற்று. சிவப்பு விளக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஓடும். சந்தோஷம் வரும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார், வரவில்லை.

பின்னால் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. செண்பகவல்லி. கையில் அவருடைய ஃபோன்.

"வச்சிட்டு வந்துட்டீங்க. மெஷின் கம்பெனில இருந்து ராத்திரியே ஏதோ மெசேஜ் வந்திருக்கு, ஆளு அனுப்புறாகளாம்."

"வேண்டாம். சரியாப்போச்சு."

அவள் குளத்தைப் பார்த்தாள். இயந்திரம் அவர்களைத் தாண்டிப் போயிற்று.

"கால் வீக்கம் எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வத்திருச்சு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினார். காட்டும்போது கை நடுங்கியது, மெட்டி லேசாக ஆடியது. அவள் அதை எடுக்கவில்லை. குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். பயந்த முகமில்லை அது. பயந்திருந்தால் இவர் கத்தியிருக்கலாம், வாயில் எல்லாம் தயாராக இருந்தது.

"எங்க கெடந்துச்சு?"

"சக்கரத்துக்குள்ள."

"அதான் நொண்டிச்சா. நான் வேற ஏதோன்னு நெனச்சேன்."

"அது நொண்டுனது உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாம என்ன. தெனம் மூணு மணிக்கு அது எங்க கூடத்தான கெடக்கு. எங்கிட்டுப் போனாலும் பின்னாடியே வந்து கால்ல இடிக்கும், தள்ளிவிட்டாலும் திரும்பி வரும்." சொல்லலாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. "வைதேகி மாமி அதுக்கு உங்க பேர வச்சிருக்காங்க. பூவநாதன் வரார், நகருங்கோம்பாங்க."

பூவநாதனுக்குக் காதுமடல் சுட்டது. தண்ணீரில் அந்த இன்னொரு பூவநாதன் மூலையில் போய் முட்டிக்கொண்டு, பின்வாங்கி, மறுபடி முட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் சிரித்திருப்பார்கள், இவளும்தான் சிரித்திருப்பாள், நெஞ்சளவு தண்ணீரில் நின்றுகொண்டு. அவள் எப்படிச் சிரிப்பாள் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார், குற்றாலத்துச் சிரிப்புத்தான் வந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க வந்து கரையில நிப்பீங்க."

"நின்னா என்ன?"

"போதும் வாம்பீங்க."

மெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், பிறகு எதற்குப் போட்டோம் என்று தோன்றியது, எடுத்து நீட்டினார். உங்ககிட்டயே இருக்கட்டும், தண்ணிக்குள்ள நிக்க மாட்டேங்குது, என்றாள்.

"எம்புட்டுத் தூரம் போவ?"

"இந்தக் கடைசில இருந்து அந்தக் கடைசி வரைக்கும். நடுவுல ஒரு தடவ நிப்பேன்."

"ஆழத்துலயா?"

"ஆழத்துலதான்."

"காட்டு," என்றார். கோபமாகத்தான் சொன்னார். பொய்யா நிஜமா என்று பார்க்கிறவர் மாதிரி. அவள் பலகையைக் கையால் காட்டினாள், ஆறு மணிக்கு முன்னால கூடாதுன்னு போட்டிருக்கு, நீச்சலுடை இல்லாம கூடாதுன்னும் போட்டிருக்கு. நான்தான போட்டேன், என்றார் அவர். அவள் கேட்டைத் திறந்துகொண்டு மேலே போனாள். வருவாளா, வரமாட்டாளா. வேலை முடிந்ததும் சாமான்களைத் துண்டில் சுருட்டி யார் கண்ணிலும் படாமல் மாடிக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். அதைக்கூடச் செய்யாமல் குறடும் திருப்புளியும் பல்பிரஷும் பரப்பிக் கிடக்க நடுவில் நின்றார். பி பிளாக் மூன்றாவது மாடியில் விளக்கு எரிந்தது.

வந்தாள். கருநீலத்தில் முழங்கை வரைக்கும் கணுக்கால் வரைக்கும் மூடிய உடை, தலையில் ரப்பர் உறை. வேறு யாரோ ஒரு பெண் மாதிரி இருந்தாள், தோள் மட்டும் பழகிய தோளாக இருந்தது. துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு, அவரைப் பார்க்காமல் படியில் இறங்கினாள். இயந்திரம் மூலையை விட்டு வெளியே வந்து அவளை நோக்கித் திரும்பிற்று. பூவநாதன் மண்டியிட்டு, கையை நீட்டி, எட்டவில்லை, வயிறு டைல்ஸில் பட இன்னும் நீட்டி அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்துத் தூக்கினார். சக்கரங்கள் காற்றில் சுற்றி அவர் முகத்திலும் சட்டையிலும் தண்ணீரை வாரி இறைத்தன. பொத்தான் எங்கே என்று தேடாமல் அப்படியே மார்போடு பிடித்துக்கொண்டார். அவள் போய்க்கொண்டிருந்தாள். அழகான நீச்சல் என்று சொல்ல முடியாது, தண்ணீரை அடிக்கிற அடியில் பாதி வீண், தலையை அடிக்கடி தூக்கினாள். ஆனால் போய்க்கொண்டிருந்தாள். நடுவில், நீலம் கெட்டியாகிற இடத்தில், சொன்ன மாதிரியே நின்றாள். நிற்பதற்கு அங்கே தரை இல்லை. கையை மட்டும் இப்படியும் அப்படியும் அலைத்துக்கொண்டு, கழுத்து மட்டும் வெளியே தெரிய, மூச்சு வாங்கினாள். இங்கிருந்து அவளிடம் போக அவருக்கு வழி கிடையாது. போதும் வா, என்பது தொண்டை வரைக்கும் வந்தது. நாக்கை மடித்துக் கடித்துக்கொண்டார். இயந்திரம் மார்பில் அதிர்ந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. எதிர்க் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு கையை முன்னால் போட்டாள்.

அந்தக் கடைசியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது இவர் குளத்தைச் சுற்றி நடந்துபோய் அவளுக்கு நேரே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும். நல்லா இருந்துச்சு என்று சொல்லலாம், அது அவளுக்கே தெரியும். அவள் முகத்திலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு நனைந்து நிற்கிறவரைப் பார்த்து அவள் வாயோரம் என்னவோ நடந்தது, அடக்கிக்கொண்டாள்.

"மூணு மணிக்கு முன்னால வந்து இத வெளிய எடுத்து வச்சிடறேன்," என்றார்.

"நீங்க தூங்குவீங்களே."

"எந்திரிச்சுக்கறேன்."

"எடுத்து வச்சிட்டு?"

அவர் யோசித்தார்.

"மேல போயிடறேன்," என்றார்.